இரட்டைச் சிலிண்டருக்கு ஈயம் கட்டுதல்

இரட்டைச் சிலிண்டருக்கு ஈயம் கட்டும்போது சுழியோட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை மனதில் வைத்துக் கட்டுங்கள். கடலுக்குள் இறங்க உதவுவதற்குத்தான் ஈயம் என்று பலரும் எண்ணுகிறார்கள். இறங்குவதற்கு அவ்வளவு உதவி தேவையில்லை. சிலிண்டர் நிறையக் காற்று இருக்கையில் அந்தக் காற்றின் எடையே உங்களைக் கீழே கொண்டுபோய்விடும். சிக்கல் ஏறும்போது வரும். ஐந்து மீற்றர் ஆழத்தில் அசையாமல் நின்று, உடலில் கரைந்த நைதரசன் வெளியேற நேரம் கொடுக்க வேண்டிய கட்டத்தில், பாதிக்கு மேல் காலியான சிலிண்டர்கள் உங்களை மேலே தள்ளத் தொடங்கும். அந்த இடத்தில் தங்க முடியாதவருக்கு இரண்டாவது சிலிண்டர் கொடுத்த நேரமெல்லாம் ஆபத்தாக மாறுகிறது.

காற்றின் எடையிலிருந்து தொடங்குவோம். ஒரு லீற்றர் காற்று ஏறத்தாழ 1.2 கிராம். நமது கற்பிட்டிக் கரையில் அதிகம் புழங்கும் 80 கன அடி அலுமினியச் சிலிண்டரின் உட்கொள்ளளவு 11.1 லீற்றர். அதை 207 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் ஏறத்தாழ 2,190 லீற்றர் காற்று அடங்கும். அதன் எடை 2.6 கிலோ. இரண்டு சிலிண்டருக்கு ஐந்து கிலோவுக்கு மேல். படகிலிருந்து விழும்போது உங்கள் முதுகில் இருந்த அந்த ஐந்து கிலோவில் பெரும்பகுதி, மேலே வரும்போது குமிழாகப் போய்விட்டிருக்கும். ஒற்றைச் சிலிண்டரில் இந்த மாற்றம் இதில் பாதிதான். ஒற்றையில் பழகியவர் இரட்டைக்கு மாறும்போது தடுமாறுவதற்கு முதற் காரணம் இது.

இந்தக் கரையை ஒட்டிய மன்னார் வளைகுடாவின் முத்துப் படுக்கைகளில் குளித்தவர்கள் எடையை வேறு விதமாகக் கையாண்டார்கள். கயிற்றில் கட்டிய பதினைந்து கிலோ அளவான கல்லில் கால் வைத்து, மூச்சை அடக்கி, கல்லின் வேகத்திலேயே தரைக்குப் போனார்கள். தரை தொட்டதும் கல்லை விட்டுவிடுவார்கள்; மேலே படகில் இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். சிப்பி பொறுக்கும்போதும் திரும்பி வரும்போதும் அந்த எடை அவர்கள் மேல் இல்லை. கருங்கல்லின் அடர்த்தி குறைவு என்பதால் பதினைந்து கிலோக் கல் கடல்நீருக்குள் ஒன்பது கிலோ அளவே இழுக்கும். ஈயமோ கிலோவுக்கு 900 கிராம் இழுக்கும். எடை தேவைப்படும் நேரத்தில் மட்டும் எடை என்ற அவர்களது முறை மூச்சடக்கிக் குளிப்பவருக்குப் பொருந்தும். சிலிண்டரோடு போகிறவருக்கு எடை மிகுதியாகத் தேவைப்படும் நேரம் முடிவில் வருகிறது. கட்டியதை முழு நேரமும் சுமந்தே ஆகவேண்டும். ஆகவே ஒரு கிலோகூட வீணாகக் கட்டக்கூடாது.

அலுமினியமா, உருக்கா?

இந்தக் கேள்விக்கு நமது கடலில் எனது பதில் தெளிவானது: அலுமினியம்.

80 கன அடி அலுமினியச் சிலிண்டர் நிரம்பியிருக்கும்போது நீரில் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் மூழ்கும். முற்றாகக் காலியானால் இரண்டு கிலோ அளவு மிதக்கும். சரியான எண் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சிறிது மாறும், அவர்களது அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். 12 லீற்றர் உருக்குச் சிலிண்டர்களில் பெரும்பாலானவை காலியான பிறகும் மூழ்கவே செய்யும். இதைக் கேட்டதும் உருக்குத்தான் வசதி, ஈயமே வேண்டாம் என்று தோன்றும். குளிர்நாடுகளில் தடித்த உடையோ உலர் உடையோ அணிபவர்களுக்கு அது உண்மை. அந்த உடைகள் பத்துக் கிலோவுக்கு மேலும் மிதக்கும். உருக்கின் எடை அதை ஈடுகட்டும். கற்பிட்டியில் நீரின் வெப்பம் 27 முதல் 30 பாகை செல்சியஸ். 3 மில்லிமீற்றர் உடை போதும், பலர் அதுவும் போடுவதில்லை. 232 பாருக்கு நிரப்பிய இரண்டு 12 லீற்றர் உருக்குச் சிலிண்டர், அவற்றை இணைக்கும் மனிஃபோல்ட், இறுக்குவளையங்கள், முதுகுத் தகடு, ரெகுலேற்றர் எல்லாம் சேர்ந்தால், மெல்லிய உடை அணிந்தவர் தொடக்கத்திலேயே பத்துக் கிலோவை ஒட்டி எடை மிகுந்தவராக இருப்பார். முப்பது மீற்றரில், மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுப்பையான விங் கிழிந்துவிட்டால் அந்தப் பத்துக் கிலோவைக் கால்துடுப்பால் உதைத்து மேலே கொண்டுவர எவராலும் முடியாது. கழற்றி எறிய ஈயமும் இருக்காது; எடை முழுவதும் அவர் மூச்செடுக்கும் சிலிண்டரிலேயே இருக்கிறது.

அலுமினிய இணையோடு இடுப்பில் இரண்டு மூன்று கிலோ ஈயம் கட்டியவருக்கு நெருக்கடியில் கழற்ற ஏதோ ஒன்று இருக்கிறது. உருக்கு இணை மட்டுமே கிடைத்தால் கனமில்லாத அலுமினிய முதுகுத் தகட்டைப் பயன்படுத்துங்கள். இரண்டு தனித்தனி அறைகள் கொண்ட விங் இல்லாமல் இறங்காதீர்கள்.

எவ்வளவு ஈயம்?

பலரும் உடல் எடையில் பத்தில் ஒன்று என்று ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள். அது தடித்த உடைக்கும் ஒற்றைச் சிலிண்டருக்கும் பிறந்தது. இரட்டையில் அதை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே எடுத்து, சுழியோட்ட முடிவில் அது எவ்வளவு மிதக்கும், எவ்வளவு மூழ்கும் என்று கூட்டிப் பாருங்கள்.

எடுத்துக்காட்டாக, 3 மில்லிமீற்றர் உடையுடன் நடுத்தர உடல்வாகு உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 50 பார் மீதமிருக்கும் நிலையில் அவரது இரண்டு அலுமினியச் சிலிண்டர்களும் சேர்ந்து ஏறத்தாழ 2.7 கிலோ மிதக்கும்: காலியாக நான்கு கிலோ, மீதமுள்ள காற்றின் எடை 1.3 கிலோவைக் கழிக்க வேண்டும். மனிஃபோல்டும் வளையங்களும் இரண்டு கிலோ அளவு மூழ்கும். இரண்டு ரெகுலேற்றர் ஒன்றே முக்கால் கிலோ மூழ்கும். துருவேறா உருக்குத் தகடு 2.3 கிலோ மூழ்கும். விங்கும் பட்டிகளும் அரைக் கிலோ மிதக்கும். ஐந்து மீற்றரில் சற்று நசுங்கிய உடை ஒன்றே முக்கால் கிலோ மிதக்கும். சராசரி மூச்சில் உடல் இரண்டு கிலோ மிதக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிதப்பு மொத்தம் ஏழு கிலோ, மூழ்குவது ஆறு கிலோ. மிச்சமுள்ள ஒரு கிலோவை ஈடுகட்ட ஒரு கிலோச் சொச்சம் ஈயம் போதும். உருக்குத் தகட்டுக்குப் பதில் அலுமினியத் தகடு என்றால் மூன்று கிலோவை நெருங்கும். இந்த எண்கள் ஒரு மாதிரிதான். உடல் மிதப்பு ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும். கொழுப்பு கூடியவர் கூடுதலாக மிதப்பார், மெலிந்து தசை இறுகியவர் ஈயமே இல்லாமல் மூழ்குவார்.

இதே ஆள் தொடக்கத்தில் நான்கு கிலோ எடை மிகுந்திருப்பார், ஏனென்றால் காற்று இன்னும் சிலிண்டருக்குள் இருக்கிறது. முப்பது மீற்றரில் உடை நசுங்கி இன்னும் ஒன்றரைக் கிலோ வரை மிதப்பை இழப்பார். ஆக விங் தாங்க வேண்டியது ஆறு கிலோ அளவுதான். 18 கிலோ தூக்கும் விங் இதற்குத் தாராளம். அதைவிடப் பெரிய விங்கை வாங்கி, அதில் காற்றை நிரப்பி, அந்தக் காற்றுக்கு ஈடாக மேலும் ஈயம் கட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது உடலைச் செங்குத்தாக நிறுத்தி, நீரின் தடையைக் கூட்டி, மூச்சுக்காற்றை விழுங்கும்.

கணக்குக்குப் பின் சோதனை. சிலிண்டரில் 40 அல்லது 50 பார் மட்டும் இருக்கும்போது, கடலின் மணல் தரையில் மூன்று முதல் ஐந்து மீற்றர் ஆழத்தில், விங்கை முற்றாக வெறுமையாக்குங்கள். சாதாரணமாக மூச்சுவிடுங்கள். உள்ளிழுக்கும்போது மெல்ல எழுந்து, வெளிவிடும்போது மெல்ல இறங்கினால் ஈயம் சரி. வெளிவிட்டும் இறங்கவில்லையென்றால் அரைக் கிலோ சேருங்கள். தரையிலேயே இருந்தால் அரைக் கிலோ எடுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு சோதிக்காதீர்கள். பதற்றத்தில் நெஞ்சு நிறையக் காற்றை வைத்திருப்பவருக்கு இரண்டு மூன்று கிலோ கூடுதலாகத் தேவைப்படுவதுபோலத் தோன்றும். புதியவர்கள் முதல் வாரத்தில் கட்டும் ஈயத்தைப் பின்னர் குறைக்க முடிவது இதனால்தான்.

மூன்று நீர்கள்

புத்தளம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே வருகிறது. நமக்குப் பக்கத்துப் பக்கத்தில் மூன்று வகை நீர் இருக்கிறது: திறந்த கடல், புத்தளம் களப்பு, கொழும்பிலோ விடுதியிலோ உள்ள நன்னீர்க் குளம். இரட்டைச் சிலிண்டருடன் ஒருவரின் மொத்த எடை 115 கிலோ அளவுக்கு வரும். நன்னீர்க் குளத்தில் சரிபார்த்த ஈயத்தோடு கடலில் இறங்கினால் ஏறத்தாழ மூன்று கிலோ போதாமல் போகும். இது பலருக்கும் தெரியும். களப்பைப் பற்றி அவ்வளவாகத் தெரிவதில்லை. வறண்ட மாதங்களில் களப்பின் தென்பகுதியில் நீர் ஆவியாகி உவர்ப்பு கடலைவிடக் கூடிவிடும்; அதனருகே உப்பளங்கள் அமைந்ததே அந்த வெயிலையும் காற்றையும் நம்பித்தான். அலையில்லாத இடம் என்று அங்கே எடை சோதித்தவர் கடலுக்குத் தேவையானதைவிட ஒரு கிலோ வரை கூடுதலாகக் கட்டிவிடுவார். மழைக்காலத்தில் கலா ஓயாவும் மீ ஓயாவும் வெள்ளத்தைக் கொண்டுவந்து சேர்க்கும்போது நிலைமை தலைகீழாகும். சிலாபத்தில் தெதுறு ஓயா கடலில் சேரும் முகத்துவாரத்திலும் மழைக்குப் பின் மேல்மட்டத்தில் இலேசான நீரும் அடியில் உப்பு நீரும் அடுக்காக நிற்கும். ஐந்து மீற்றர் நிறுத்தத்தில் ஓர் அடுக்கிலிருந்து மற்றதற்கு மாறும்போது மிதப்பு சட்டென மாறும்.

ஆகவே எந்த நீரில் சுழியோடப் போகிறீர்களோ அந்த நீரிலேயே சோதியுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கற்பிட்டிக் கடல் அடங்கியிருக்கும். தென்மேற்குப் பருவக் காற்று எழுந்துவிட்டால் கரைக்கு அருகே மணல் கலங்கி எதுவும் தெரியாது. காலையில் காற்று எழுமுன் தலவில, கந்தக்குழிப் பக்கத்து ஆழமற்ற மணல் தரை இதற்கு ஏற்ற இடம்.

எங்கே கட்டுவது?

எடை சரியாகிவிட்டது என்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. அந்த எடை உடலின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே நீங்கள் நீரில் கிடக்கும் கிடை அமையும். சுழியோடிகள் இதை ட்ரிம் என்பார்கள். தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒரே மட்டத்தில், முழங்காலுக்குக் கீழே கால் மடங்கி மேல்நோக்கி இருப்பது நல்ல ட்ரிம்.

மீன் வாடியில் தொங்கும் துலாக்கோலைப் பார்த்தவருக்கு இதன் விதியை விளக்க வேண்டியதில்லை. சிறிய படிக்கல்லைக் கோலின் நுனிக்கு நகர்த்தினால் பெரிய மீனைத் தாங்கும். அதுபோல உங்கள் உடலின் நடுப்புள்ளியிலிருந்து 15 சென்ரிமீற்றர் தள்ளிக் கட்டிய இரண்டு கிலோவும், 30 சென்ரிமீற்றர் தள்ளிக் கட்டிய ஒரு கிலோவும் ஒரே அளவுதான் உடலைத் திருப்பும். எடையைக் கூட்டாமலே இடத்தை மாற்றி ட்ரிமைச் சரிசெய்ய முடியும் என்பது இதன் பொருள். முதலில் நகர்த்துங்கள், சேர்ப்பதைப் பிறகு யோசியுங்கள்.

சோதிக்கும் முறை எளிது. நடுமிதப்பில் நின்று, கைகளை முன்னே நீட்டி, கால்துடுப்பை அசைக்காமல் இருபது விநாடி இருங்கள். உடன்வருபவர் பக்கத்திலிருந்து பார்க்கட்டும். தலை தாழ்கிறதா, கால் தாழ்கிறதா, ஒரு பக்கம் சரிகிறதா? இதைத் தொடக்கத்தில் ஒருமுறையும் 70 பார் அளவில் இன்னொரு முறையும் செய்ய வேண்டும். அலுமினிய இணையில் இரண்டு விடைகளும் ஒன்றாக இருக்காது. மனிஃபோல்ட், வால்வு, ரெகுலேற்றர் என்று கனமானவையெல்லாம் சிலிண்டரின் தலைப்பக்கம் இருக்கின்றன. காற்று குறையக் குறைய அடிப்பக்கம் மிதக்கத் தொடங்கும். இடுப்புக்குக் கீழே உங்களை மேலே தூக்கும், தலை தாழும்.

தலை தாழ்வதைச் சாதாரண அசௌகரியம் என்று விட்டுவிடாதீர்கள். விங்கில் உள்ள காற்று எப்போதும் மிக உயர்ந்த இடத்துக்குப் போகும். கால் உயர்ந்தால் காற்று விங்கின் அடிப்பகுதியில் தேங்கும். தோள்பக்கக் குழாயைத் தூக்கி எவ்வளவு அழுத்தினாலும் அந்தக் காற்று வெளியேறாது. உங்களுக்குத் தெரியாமலே மேலேறிக்கொண்டிருப்பீர்கள். விங்கின் கீழ்ப்பகுதியில் இடுப்பருகே இருக்கும் வெளியேற்று வால்வின் கயிற்றைக் கை தானாகத் தேடும்வரை பழகுங்கள்.

திருத்தங்களை ஒரு வரிசையில் செய்வது நல்லது. முதலில் உங்கள் உடலைத் திருத்துங்கள்: தலையை நிமிர்த்தி, முதுகைச் சற்று வளைத்து, தொடையை நேராக வைத்து, முழங்காலை மடக்குங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும். அடுத்தது சிலிண்டர்களின் உயரம். இறுக்குவளையங்களைத் தளர்த்தி, சிலிண்டர்களைத் தகட்டோடு ஒப்பிட்டுக் கீழே இறக்கினால் தலைப்பக்க எடை நடுவை நோக்கி வரும். ஒரு முறைக்கு இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் நகர்த்தாதீர்கள். இதற்கு ஓர் எல்லையும் உண்டு. இரண்டு பக்க வால்வுகளையும் நடுவிலுள்ள பிரிப்பு வால்வையும் உங்கள் கை எட்ட வேண்டும். ரெகுலேற்றர் ஒன்று காற்றைக் கொட்டத் தொடங்கினால் அதை மூட முடியாதவருக்கு இரட்டைச் சிலிண்டரால் பயன் எதுவுமில்லை. கை எட்டும் தூரத்துக்கும் ட்ரிமுக்கும் போட்டி வந்தால் கை எட்டுவதே வெல்ல வேண்டும். மீதியை ஈயம் பார்த்துக்கொள்ளும்.

வளையங்களை வாங்கும்போது சிலிண்டரின் விட்டத்தைப் பாருங்கள். 80 கன அடி அலுமினியத்துக்கு 184 மில்லிமீற்றர். 12 லீற்றர் உருக்கில் 171 மில்லிமீற்றர் விட்டமுடையவையே அதிகம். ஒன்றின் வளையம் மற்றதற்குப் பொருந்தாது. இரண்டு வளையங்களுக்கும் நடுவே போல்ட்டின் இடைவெளி 11 அங்குலம், அதாவது 28 சென்ரிமீற்றர்; முதுகுத் தகட்டின் துளைகளும் அதே அளவுக்குத்தான் இடப்பட்டிருக்கும்.

மூன்றாவது கால்துடுப்பு. மிதக்கும் பிளாஸ்ரிக் துடுப்பை மாற்றிக் கனத்த ரப்பர் துடுப்பைப் போட்டால் துலாக்கோலின் நுனியிலேயே படிக்கல்லை வைத்த மாதிரி. அலுமினிய இணையில் கால் உயர்பவருக்கு இது பெரிய உதவி. ஏற்கெனவே கால் தாழ்பவர் இதைச் செய்யக்கூடாது.

கடைசியில் ஈயம். இரண்டு சிலிண்டருக்கும் தகட்டுக்கும் இடையே முக்கோணப் பள்ளம் ஒன்று உண்டு. அதில் பொருந்துமாறு வார்த்த நீண்ட ஈயக்கட்டியைப் போல்ட்டிலேயே மாட்டலாம். உடலின் நடுக்கோட்டில் அமைவதால் பக்கவாட்டில் சரியாது. ஆனால் நீருக்குள் கழற்ற முடியாது. இரண்டு கிலோவுக்கு மேல் அங்கே வைப்பதை நான் ஏற்பதில்லை. கால் உயர்பவருக்குக் கீழ் வளையத்துக்கும் கீழே, சிலிண்டர்களின் அடிக்கு அருகில் கட்டும் வால் ஈயம் சிறந்தது. ஒரு கிலோவே பெரிய மாற்றத்தைக் காட்டும். மீதியை இடுப்புப் பட்டியில் போடுங்கள். இரட்டைச் சிலிண்டர் முதுகில் இருப்பதால் உடல் மல்லாக்கப் புரளப் பார்க்கும். பட்டியின் ஈயத்தை வயிற்றுப் பக்கமாகக் கொண்டுவந்தால் அது அடங்கும்.

இடுப்புப் பட்டியில் ஒரு நுணுக்கம் உயிர் காக்கும். முதுகுத் தகட்டில் கவட்டுக்கிடையே வரும் பட்டி ஒன்று உண்டு. ஈயப்பட்டியை முதலில் கட்டி அதன்மேல் கவட்டுப்பட்டியைப் போட்டால், கொக்கியைத் திறந்தாலும் ஈயம் கீழே விழாமல் சிக்கிக்கொள்ளும். எல்லாப் பட்டிகளையும் மாட்டி முடித்த பிறகு ஈயப்பட்டியைக் கடைசியாக, வெளிப்புறமாகக் கட்டுங்கள். கொக்கி வலக்கையால் திறக்கும்படி இருக்கட்டும்; உடன்வருபவருக்கும் அது எங்கே என்று படகிலேயே காட்டுங்கள்.

மனிஃபோல்ட் இல்லாமல் இரண்டு சிலிண்டரைத் தனித்தனியாக முதுகில் கட்டிப் போவோர் நம் கரையில் இருக்கிறார்கள். மனிஃபோல்ட் எளிதில் கிடைக்காதது காரணம். அவர்கள் ரெகுலேற்றரை மாற்றி மாற்றி மூச்செடுக்க வேண்டும். ஒரு சிலிண்டரில் மற்றதைவிட 100 பார் குறைந்துவிட்டால் அந்தப் பக்கம் 1.3 கிலோ இலேசாகி உடல் சாயும். 30 பார் வித்தியாசத்தைத் தாண்டவிடாமல் மாற்றிக்கொண்டே இருந்தால் சாய்வு உணரப்படாது.

ஈயம் வார்த்தல்

கடைகளில் கிடைக்கும் கட்டிகள் ஒன்று, இரண்டு கிலோவில்தான் இருக்கும். ட்ரிமுக்குக் கால் கிலோ, அரைக் கிலோ துண்டுகள் வேண்டும். வலைக்குக் கட்டும் ஈயமணிகளைத் தடித்த துணிப்பையில் இட்டுத் தைத்தால் எந்த எடையிலும், எந்த வடிவத்திலும் கிடைக்கும். வளையத்தின் கீழே செருக அதுவே வசதி. வார்க்க விரும்பினால் திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று வார்த்தெடுங்கள். ஈயம் 327 பாகையில் உருகும். அச்சில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் அது நீராவியாகி உருகிய ஈயத்தை முகத்தில் தெறிக்கும். அச்சை நெருப்பருகே வைத்து முற்றாகக் காயவைத்த பிறகே ஊற்றுங்கள். சமையல் சட்டியில் ஒருபோதும் உருக்காதீர்கள், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். ஈயப் புகையும் தூளும் வளரும் மூளையைப் பாதிக்கும். வார்த்த கட்டிக்குப் பெயின்ற் அடித்தோ ரப்பர் சுற்றியோ பயன்படுத்துங்கள். அலுமினியத்தோடு ஈயமோ உருக்கோ உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும். இறுக்குவளையத்துக்கு அடியில் வெள்ளைத் தூள் படிவது அதன் அடையாளம். பருவத்தில் ஒருமுறையாவது வளையங்களைக் கழற்றிச் சிலிண்டரை நன்னீரில் கழுவி உலரவிடுங்கள்.

படகிலும் பவளப்பாறையிலும்

கற்பிட்டியிலும் கந்தக்குழியிலும் நீங்கள் ஏறப்போவது மீன்பிடிக்கும் ஃபைபர் படகு. அலுமினிய இணை ஒன்று 35 கிலோவுக்குக் குறையாது. மணலில் அதைத் தோளில் தூக்கி நடக்காதீர்கள். இருவர் சேர்ந்து தூக்குங்கள். படகில் நடுவே, குறுக்காகப் படுக்க வைத்துக் கட்டுங்கள். விங்கில் காற்றுடன் பின்புறமாக விழுந்து நீரில் இறங்குங்கள். ஏறும்போது முதலில் ஈயப்பட்டியைக் கழற்றிக் கொக்கியில்லாத நுனியைப் படகிலிருப்பவர் கையில் கொடுங்கள்; கொக்கிப் பக்கத்தைப் பிடித்தால் கட்டிகள் வழுகிக் கீழே போகும், கீழே பவளம் இருக்கலாம். அதன் பிறகு சிலிண்டர் இணை. ஈயத்தை முன்னே கழற்றுவதால் விங் ஓட்டையாகிவிட்டாலும் சிலிண்டரோடு மிதக்க முடியும்.

கற்பிட்டிக் கடலில் 1992இல் கடற் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பவளப்பாறையான பார் ரீஃப் 306 சதுர கிலோமீற்றருக்கு விரிந்தது. 1998இல் கடல் சூடேறியபோது அதன் ஆழமற்ற பகுதிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்துச் செத்தன. மெல்ல மெல்ல மீண்டு வந்தவை 2016இல் மறுபடியும் அடிபட்டன. இப்போது அங்கே கிளைத்து நிற்கும் கொத்துகளில் பல அந்த இரண்டு அடிகளுக்குப் பிறகு வளர்ந்தவை. கால் தாழ்ந்து நீந்துபவரின் துடுப்பு நுனி அவற்றை ஒரு வீச்சில் முறித்துவிடும். முதுகில் இரட்டை இருந்தால் உடலின் உந்தம் கூடும். நின்றுவிட நினைத்தாலும் ஒரு மீற்றர் முன்னே போவீர்கள். புதிய ஈய அமைப்பைப் பவளத்தின் மேல் சோதிக்காதீர்கள். மணல் தரையில் இரண்டு முறையாவது பழகிய பிறகே பாறைக்குப் போங்கள்.

இனி ஆழத்தையும் நேரத்தையும் பற்றி. நம் கரையில் சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டரோடு இறங்குபவர்கள் ஒரு நாளில் பல சிலிண்டர்களை முடித்து, நிறுத்தமின்றி மேலே வந்து, மூட்டுவலியோடும் காலில் உணர்விழப்போடும் கரை சேர்ந்த கதைகள் ஒவ்வொரு வாடியிலும் உண்டு. அவர்களில் பலருக்கு மிதப்பைக் கட்டுப்படுத்தும் கருவியே இல்லை. உங்களுக்கு இருக்கிறது. இரட்டைச் சிலிண்டர் உங்களை நிறுத்தமில்லா எல்லையைத் தாண்டும் அளவுக்கு நீண்ட நேரம் கீழே வைத்திருக்கும். ஐந்து மீற்றரில் நிற்கத் தேவையான ஈயம் உங்களிடம் இல்லையென்றால் அந்த நேரம் முழுவதும் உங்கள் உடலில் கடனாக ஏறிக்கொண்டிருக்கிறது. அழுத்தச் சிகிச்சை அறை திருகோணமலைக் கடற்படைத் தளத்தில், தீவின் மறுகரையில் இருக்கிறது. இறங்கும் நாளுக்கு முன்பே அங்கு போகும் வழியையும் தொலைபேசி எண்ணையும் படகோட்டியிடம் எழுதிக் கொடுங்கள். படகில் ஒட்சிசன் இருப்பதையும் உறுதிசெய்யுங்கள்.

சரியான ஈயத்தைக் கண்டுபிடித்த நாளில் அதை எழுதிவையுங்கள்: எந்தச் சிலிண்டர், எந்த உடை, அது புதியதா பழையதா, எந்தத் தகடு, எந்தத் துடுப்பு, கடலா களப்பா, இடுப்பில் எவ்வளவு, வாலில் எவ்வளவு, வளையம் சிலிண்டரின் தோளிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் கீழே. நீர்புகா மையால் வளையத்தின் இடத்தைச் சிலிண்டரிலும் கோடிட்டு வையுங்கள். இவற்றில் ஏதாவது ஒன்று மாறினால், குறிப்பாக உடை பழையதாகி அதன் குமிழ்கள் நசுங்கிப்போனால், முதல் சுழியோட்டத்தின் முடிவில் 50 பாருடன் மணல் தரைக்குத் திரும்பி, விங்கை வெறுமையாக்கி, மறுபடியும் சோதியுங்கள்.